அடுப்புக்கு இந்தப் பக்கம்: புதிய சமய இயக்கங்களை வாசலில் நின்று படித்தல்

 

சுவாமி சகஜானந்தரை நினைவுகூரும் இந்த அரங்கில், புதிய சமய இயக்கங்களைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். தலைப்பைக் கேட்டதும் கொஞ்சம் தயங்கினோம். அது ஏதோ அமெரிக்காவிலோ ஜப்பானிலோ நடக்கிற சங்கதி போலத் தோன்றியது. பிறகு யோசித்துப் பார்த்தால், இந்த மேடையிலிருந்து ஒரு பேருந்தில் ஏறினால் போய்ச் சேரக்கூடிய தூரத்தில்தான் எல்லாமே நடந்திருக்கிறது.

ஒரு தைப்பூசத்திற்கு எங்கள் வாசிப்புக் குழுவில் ஏழு பேர் வடலூர் போயிருந்தோம். சத்திய தருமச் சாலையில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பக்கத்தில் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா. எழுபது வயதிருக்கும். சாப்பிட்டு எழுந்ததும் சத்திய ஞான சபைப் பக்கம் சேர்ந்து நடந்தோம். சபையைச் சுற்றிய இரும்புச் சங்கிலிக்கு வெளியே, கொஞ்சம் தள்ளியே, அந்த அம்மா நின்றுவிட்டார். “கிட்ட வரலையாம்மா?” என்று கேட்டோம். “கறி மீனு துன்ற வாயி தம்பி இது. அதுக்கு மேல போவக் கூடாது. எங்க அம்மாவும் இங்கியே நின்னுதான் கும்புட்டாங்க. சாமி ஒண்ணும் கோச்சுக்காது. அதான் சோறு போட்டுச்சில்ல” என்றார். சொல்லிவிட்டு மடியிலிருந்த வெற்றிலையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது பேருந்தில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். அந்த அம்மாவின் பேச்சில் ஒரு நம்பிக்கை இருக்கிறது, ஒரு விதி இருக்கிறது, ஒரு வேளைச் சோறும் இருக்கிறது. இது சன்மார்க்கமா, சாதியா, இரண்டும் கலந்ததா? எந்த ஆய்வு நூலில் இந்தப் பேச்சுக்கு இடம் இருக்கிறது? இன்றைய பேச்சு அந்த வாக்குவாதத்தின் தொடர்ச்சிதான்.

முதலில் இந்தப் படிப்புத்துறை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ‘புதிய சமய இயக்கம்’ என்ற சொல் மேற்கத்தியப் பல்கலைக்கழகங்களில் 1970களில் பரவலானது. அதற்கு முன்பு ‘கல்ட்’ என்பார்கள். அந்தச் சொல்லில் ஏளனமும் பயமும் இருந்தன. படித்த வீட்டுப் பிள்ளைகள் மூளைச்சலவை செய்யப்பட்டுப் போய்விட்டார்கள் என்று பெற்றோர்கள் அலறிய காலம் அது. லண்டனைச் சேர்ந்த ஐலீன் பார்க்கர் என்ற சமூகவியலாளர் மூன் என்ற கொரியப் போதகரின் இயக்கத்தை ஆராய்ந்து 1984இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த இயக்கத்தின் பயிலரங்குகளுக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் அதில் சேரவே இல்லை என்று காட்டினார். மூளைச்சலவை என்ற விளக்கம் அதோடு ஆட்டம் கண்டது.

1978 நவம்பரில் கயானாவில் ஜிம் ஜோன்ஸ் என்பவரின் ‘மக்கள் கோவில்’ குடியிருப்பில் 900க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். வெறிபிடித்த குருவுக்கும் ஏமாந்த மக்களுக்கும் உதாரணமாக இதை எல்லோரும் சொல்வார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. வெள்ளையரும் கறுப்பரும் சமமாக உட்காரும் சபை என்று சொல்லித்தான் அந்த வாசல் திறந்தது. மற்ற வாசல்கள் எப்படி இருந்ததால் அவர்கள் இந்த வாசலுக்கு வந்தார்கள் என்று கேட்காமல் அந்தச் சாவுகளைப் புரிந்துகொள்ள முடியாது. இந்தக் கேள்வியைத்தான் நம் ஊருக்குக் கொண்டுவர விரும்புகிறோம். ஒரு சமய இயக்கத்தின் கொள்கை என்ன என்று கேட்பதற்கு முன்னால், அதன் வாசலில் யார் நிற்கிறார்கள், என்ன நிபந்தனையில் உள்ளே விடுகிறார்கள், கடைசியில் சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

வடலூரை எடுத்துக்கொள்வோம். இராமலிங்க அடிகள் 1823 அக்டோபர் 5இல் சிதம்பரத்துக்கு அருகிலுள்ள மருதூரில் பிறந்தார். 1865இல் சன்மார்க்க சங்கம் கண்டார். 1867 மே 23இல் தருமச் சாலை தொடங்கியது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பது நமக்கெல்லாம் தெரியும். 1872 ஜனவரி 25இல் ஞான சபை. 1874 ஜனவரி 30இல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போனவர் திரும்ப வெளியே வரவில்லை.

இந்த ஒன்பது ஆண்டுகளில் அவர் செய்தது சாதாரணக் காரியம் அல்ல. கோவில் நகரமான சிதம்பரம் பக்கத்திலேயே இருக்க, வடலூருக்கு உத்தர ஞான சிதம்பரம் என்று பெயர் வைத்தார். அதாவது இது பிந்தைய சிதம்பரம், அது பழையது. உருவத்துக்குப் பதில் விளக்கு. அந்த விளக்கை ஏற்றப் பூசாரிச் சாதி வேண்டாம். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோ 72 வயதைத் தாண்டிய பெரியவர்களோ செய்யட்டும் என்று விதி எழுதினார். வேதம், ஆகமம், புராணம் எவற்றிலும் பிடிப்பு வைக்க வேண்டாம் என்று கடைசிக் காலத்தில் வெளிப்படையாகவே பேசினார். நவீன இந்து சமயம் என்றால் கல்கத்தாவின் பிரம்ம சமாஜம், தயானந்தரின் ஆரிய சமாஜம் என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். ரிச்சர்ட் வைஸ் 2019இல் எழுதிய நூல், ஆங்கிலம் படித்த நகரத்தாரிடமிருந்து மட்டுமல்ல, தென்னார்க்காட்டின் ஒரு சிற்றூரிலிருந்தும் நவீனம் பிறந்தது என்று வாதிடுகிறது. தமிழில் ராஜ் கௌதமன் வள்ளலாரைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். மாணவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

அவரை எதிர்த்தவர்களைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டுவிட்டது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அருட்பாவா மருட்பாவா என்று அடுத்த தலைமுறை வரைக்கும் துண்டறிக்கைகள் பறந்தன. வள்ளலார் நீதிமன்றத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள், நாவலரும் எழுந்தார் என்று ஒரு கதை கடலூரில் இன்றும் உலவுகிறது. அழகான கதை. ஆனால் அந்தச் சண்டை முழுவதையும் படித்துப் பாருங்கள். பாடல் திருமுறை ஆகுமா, பாடியவருக்கு அந்தத் தகுதி உண்டா என்பதுதான் பேச்சு. தருமச் சாலையில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று இரண்டு கட்சியுமே கேட்கவில்லை. புலமை உள்ளவர்கள் புலமைக்காகப் போட்டுக்கொண்ட சண்டை அது. நம் ஆட்கள் அதில் சாட்சியாகக்கூட வரவில்லை.

இனி அந்த அம்மா நின்ற இடத்துக்கு வருவோம். சபை வாசலில், கொலையும் புலையும் தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே வரலாம் என்ற கருத்தில் அறிவிப்பு இருக்கிறது. சாதி பற்றி அதில் ஒரு சொல் இல்லை. மதம் பற்றியும் இல்லை. வள்ளலார் மனிதர்களை இரண்டாகத்தான் பிரித்தார். உயிர்க்கொலையும் புலாலும் விட்டவர்கள் அகவினத்தார், விடாதவர்கள் புறவினத்தார். புறவினத்தாரின் பசியைத் தீர்க்கலாம், தீர்க்கத்தான் வேண்டும். அதற்கு மேல் நட்போ உறவோ வேண்டாம் என்று பாடியே வைத்திருக்கிறார்.

கவனியுங்கள். பிறப்பால் வந்த பிரிவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உணவால் வரும் பிரிவை வைக்கிறார். கொள்கையாகப் பார்த்தால் இது பெரிய பாய்ச்சல். பிறப்பை மாற்ற முடியாது, உணவை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 19ஆம் நூற்றாண்டுத் தென்னார்க்காட்டில் உணவு யாருக்கு எவ்வளவு ‘மாற்றிக்கொள்ளக் கூடியதாக’ இருந்தது? செத்த மாட்டைத் தூக்குவது சேரியின் கடமை என்று ஊர் விதித்திருந்தது. அந்த இறைச்சி கூலியின் ஒரு பகுதி. பஞ்ச காலத்தில் அதுதான் உயிர். அவர் மறைந்து இரண்டே ஆண்டில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. அந்த நாளில் புலாலை விடு என்று பண்ணையாளிடம் சொல்வதும் பண்ணையாரிடம் சொல்வதும் ஒன்றா? சொல்லையே பாருங்கள். புலை என்றால் இறைச்சி. புலையர் என்பது ஒரு மக்களின் பெயர். வாசலில் எழுதியிருப்பது சாதிப் பெயர் அல்லதான். ஆனால் அதைப் படிக்கிற நம் காதில் அது எப்படி விழும்?

எங்கள் குழுவுக்குள் இதில் ஒத்த கருத்து கிடையாது. வள்ளலாரின் ஜீவகாருண்யம் சாதியை ஒளித்துவைக்கும் தந்திரம் என்று ஒரு தோழர் சொன்னார். அதை மற்றவர்கள் ஏற்கவில்லை. வாடிய பயிருக்கும் வருந்தியவர், ஆட்டின் கழுத்துக்கும் வருந்தியிருக்கிறார். அந்த உண்மையைச் சந்தேகிக்க முகாந்திரம் இல்லை. மேலும், பசிக்கு அவர் எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. இந்த இடத்தில்தான் அந்த அம்மா எங்களைவிடத் தெளிவாக இருந்தார். வடலூரில் இரண்டு வாசல் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒன்று அடுப்பின் வாசல், இன்னொன்று சபையின் வாசல். அடுப்பு தன்னுடையது என்று எடுத்துக்கொண்டார். சபையை அதன் போக்கில் விட்டுவிட்டார். இது அறியாமை அல்ல. தலைமுறை தலைமுறையாகச் செய்யப்பட்ட ஒரு சமய விளக்கம். ஆய்வாளர்கள் நிறுவனரின் ஏட்டை மட்டும் படித்தால் இது கண்ணில் படாது.

சாவி விஷயத்துக்கு வருவோம். பூசாரி வேண்டாம் என்றவரின் சபையில் காலப்போக்கில் லிங்க வழிபாடு நுழைந்தது. அது வள்ளலாரின் விதிகளுக்குப் புறம்பானது என்று 2006இல் அறநிலையத் துறை உத்தரவிட்டது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நிலையை ஏற்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். மதமே வேண்டாம் என்ற சபை இந்து சமய அறநிலையத் துறையின் கையில் இருக்கிறது. அதே மாவட்டத்தில், இங்கே இருக்கும் நடராசர் கோவில், பொது தீட்சிதர்கள் தனி மதப் பிரிவினர் என்ற அடிப்படையில் 2014 ஜனவரி 6இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அவர்கள் நிர்வாகத்துக்கே போனது. எது தனி மதம், எது இல்லை என்று முடிவு செய்வது கொள்கையின் புதுமை அல்ல என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? சாவியை யார் நீண்ட காலம் வைத்திருந்தார்கள் என்பதுதான் கணக்கு.

நாம் நாமாகவே தொடங்கிய இயக்கத்தையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை போய்ப் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். இந்த ஆல்காட் யார்? 1875இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபையின் தலைவர். அந்தச் சபையும் ஒரு புதிய சமய இயக்கம்தான். வள்ளலாரின் சீடர் தொழுவூர் வேலாயுத முதலியார் தம் ஆசிரியரைப் பற்றி 1882இல் வாக்குமூலம் கொடுத்ததும் அதே சபையாரிடம்தான். வள்ளலாரைத் தங்கள் வருகையை முன்னறிவித்தவராக அவர்கள் கண்டார்கள். நம் பண்டிதரோ அவர்களைக் கொழும்புக்குப் போகிற பாலமாக மட்டும் பயன்படுத்திக்கொண்டு, அங்கிருந்து தன் வழியில் நடந்தார்.

பண்டிதர் செய்ததன் ஆழம் இன்னும் முழுசாகப் பேசப்படவில்லை. மற்ற இயக்கங்கள் ‘எங்களிடம் வாருங்கள், உங்களைச் சேர்த்துக்கொள்கிறோம்’ என்றன. பண்டிதர், ‘நீங்கள் எங்கும் போக வேண்டாம், இது முன்பு உங்கள் வீடுதான், உங்களிடமிருந்து பறித்தார்கள்’ என்றார். 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ வாராவாரம் அதைச் சொன்னது. கோலார் தங்க வயலிலும் இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்த கூலித் தொழிலாளிகள் அதைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள். நந்தனையும் அவர் விடவில்லை. தில்லை வாசலில் ஏங்கி நின்ற பண்ணையாள் அல்ல நந்தன், வஞ்சகத்தால் கொல்லப்பட்ட பௌத்த அரசன் என்று எழுதினார். வரலாற்றாசிரியர்கள் இதற்கு ஆதாரம் கேட்பார்கள். கேட்கட்டும். தீயில் மூழ்கிப் பூணூலோடு எழுந்தார் என்ற பெரியபுராணக் கதைக்கும் அதே ஆதாரத்தைக் கேட்கட்டும். ஜி. அலாய்சியஸ் 1998இல் இந்தப் பௌத்த இயக்கத்தைப் பற்றி நூல் எழுதி, அடுத்த ஆண்டு பண்டிதரின் எழுத்துகளைத் தொகுத்து வெளியிடாமல் போயிருந்தால், இப்படி ஓர் இயக்கம் இருந்ததே பலருக்குத் தெரிந்திருக்காது. படிக்கப்படாத சமய இயக்கம் இல்லாத சமய இயக்கமாகவே கணக்கில் வரும்.

ஆனால் பண்டிதரின் வாசலிலும் ஒரு நிபந்தனை இருந்தது. தாழ்த்தப்பட்டவர்கள் வேறு, இயல்பிலேயே தாழ்ந்தவர்கள் வேறு என்று அவர் பிரித்து எழுதினார். இரண்டாவது வரிசையில் சக்கிலியரையும் குறவரையும் வைத்தார். அருந்ததியத் தோழர்கள் இதைக் கேள்வி கேட்கும்போது, ‘அந்தக் காலம் அப்படி’ என்று மழுப்புகிறோம். வடலூர் வாசலில் நின்று நாம் கேட்கிற கேள்வியை, இராயப்பேட்டைச் சங்கத்தின் வாசலில் நின்று அவர்கள் கேட்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே காது வேண்டும்.

சிதம்பரத்துக்கு வந்துவிட்டோம். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சேறியதும் வள்ளலார் சங்கம் கண்டதும் ஒரே பத்தாண்டு. அந்த நந்தன் ஊரெங்கும் பாடப்பட்டான், கச்சேரிகளில் அழுதார்கள். சிதம்பரத்தில் தெற்கு வாசல் அடைபட்டே கிடந்தது. நந்தன் நுழைந்த வாசல் அது, அந்தச் சுவரை எடுங்கள் என்று நம் தோழர்கள் போராடியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

சகஜானந்தர் 1890இல் ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் பிறந்தவர். இயற்பெயர் முனுசாமி. திண்டிவனத்தில் மிஷன் பள்ளிப் படிப்பு, பிறகு கோலார் தங்க வயல், பிறகு கரபாத்திர சுவாமிகளிடம் சீடர். 1910இல் இங்கே வந்தார். காவி கட்டியவர், சைவம் படித்தவர். நம்மில் முற்போக்காளர்கள் பலர் அதைப் பார்த்ததும் ஒதுங்கிப் போய்விடுகிறோம். பண்டிதரைப் போல வெளியேறவில்லையே என்கிறோம். அவர் என்ன செய்தார்? நந்தன் தீக்குளித்ததாக ஊர் நம்புகிற ஓமக்குளத்தில் மடம் வைத்து, 1916இல் 25 பிள்ளைகளோடு நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். பிள்ளைகளை அங்கேயே தங்கவைத்துச் சோறு போட்டார். 1926இல் சட்ட மேலவைக்குள் போனார். 1959 மே 1இல் மறையும்வரை பெரும்பாலும் அவை உறுப்பினராகவே இருந்தார். எரித்த இடத்தில் எரிந்தவன் பெயரால் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவரை வெறும் சைவத் துறவி என்று எழுதிவிட்டுப் போக முடியுமா? அவர் சமய நம்பிக்கை அவர் எழுதிய வரிகளில் இருப்பதைவிட, அந்தப் பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேட்டில்தான் அதிகம் இருக்கிறது. அதில் பெயர் எழுதப்பட்ட பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்கிற மாணவர்களுக்கு ஒரு விஷயம். உங்கள் பையில் இருக்கும் சாதிச் சான்றிதழும் ஒரு வாசல்தான். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956இல் சீக்கியரையும், அம்பேத்கர் நாகபுரியில் தீட்சை பெற்று 34 ஆண்டு கழித்து 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ போனவர்களுக்கு இன்றுவரை கதவு மூடியிருக்கிறது. ஆகவே நம் மக்கள் ஒரு புதிய சமயத்தில் சேரும்போது, ‘என்ன நம்புகிறாய்’ என்ற கேள்வியோடு ‘எதை எழுதிக் கொடுப்பாய்’ என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டம், தாலுகா ஆபீசில் இந்து, ஆடி மாதம் மாரியம்மன், தைப்பூசத்துக்கு வடலூர் என்று ஒரே குடும்பம் வாழ்கிறது. இதை இரட்டை வேடம் என்று எழுதுகிற ஆய்வாளர், விண்ணப்பப் படிவத்தை ஒருமுறை நம் பக்கத்திலிருந்து நிரப்பிப் பார்க்கட்டும்.

எங்கள் குழு ஒரு சிறிய வேலையைத் தொடங்கியிருக்கிறது. குறிஞ்சிப்பாடி, வடலூர், மருதூர், மேட்டுக்குப்பம் சுற்றியுள்ள காலனிகளில் அறுபது வயது தாண்டியவர்களிடம் மூன்று கேள்வி கேட்கிறோம். தருமச் சாலையில் முதன்முதலில் எப்போது சாப்பிட்டீர்கள், யாரோடு போனீர்கள், சபைக்குள் போயிருக்கிறீர்களா. கொள்கை பற்றி எதுவும் கேட்பதில்லை. அவர்களாகச் சொன்னால் எழுதிக்கொள்கிறோம். பெண்கள்தான் அதிகம் பேசுகிறார்கள். புலால் விட்டுச் சன்மார்க்கத்தில் சேர்ந்து, வீட்டில் தனி அடுப்பு வைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் பண்டிகை நாளன்று என்ன நடக்கிறது என்பது தனியாக எழுத வேண்டிய கதை.

ஓமக்குளம் பக்கத்திலும் இதே போலச் செய்ய ஆள் வேண்டும். வருகிற தைப்பூசத்தன்று விடியற்காலை கடலூர் பேருந்து நிலையத்தில் கூடி வடலூர் போகிறோம். வர விரும்பும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். ஒலிப்பதிவுக் கருவி தேவையில்லை, அதைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடுகிறது. ஒரு நோட்டும் பேனாவும் போதும். காலைச் சாப்பாடு கட்டிக்கொண்டு வர வேண்டாம். பந்தியில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பதுதான் முதல் வேலை.